சின்ன டப்பா நீலப் பெயிண்ட்

பாசத்துக்குரிய மாப்ள மிக்கேலு,

நேற்று உன் முதல் வருச நினைவுப் பூசை முடிந்து, உன் வீட்டுப் பந்தியில், நாற்பது பேர் முன்னால் உன் பொண்டாட்டி என்னைத் திட்டித் தீர்த்துவிட்டாள். சாதாரணத் திட்டு இல்லை, முப்பது வருடம் ஊறிய திட்டு. திட்டி முடித்த கையோடு இன்னொரு கரண்டி மீன் குழம்பும் ஊற்றினாள். அதை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஊரே படிக்கட்டும் என்று திருவிழா மலரிலேயே போடச் சொல்லியிருக்கிறேன். ஏன் மலரில் என்பது உனக்குத் தெரியும். மற்றவர்களுக்குப் போகப் போகத் தெரியும்.

முதலில் ஊர்ச் செய்தி. புதுப் பாலத்தில் ரயில் ஓடுகிறது. பழைய பாலம் பக்கத்தில் சும்மா நிற்கிறது, நீ வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பாயே, அந்தத் துருவோடு. கயிற்றுக்கடை சம்சுதீன் பாய் தாடிக்கு மை அடிப்பதை விட்டுவிட்டு மருதாணிக்கு மாறிவிட்டார். 'ரெட் ஆக்சைடு அடிச்ச கேட்டு மாதிரி இருக்கு பாய்' என்றேன். மூன்று நாள் பேசவில்லை. எனக்கு வாய் இன்னும் அடங்கவில்லை மாப்ள. அந்த வாயைப் பற்றியதுதான் இந்தக் கடிதமே.

இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்காக இரண்டு வரி. நான் பாம்பனில் பெயிண்டுக்கடை வைத்திருக்கும் கதிரேசன். சொந்த ஊர் கமுதிப் பக்கம், மிளகாய் போடுகிற குடும்பம். இருபத்துமூன்று வயதில் இங்கே கடை போட வந்தபோது கடலை பஸ் ஜன்னல் வழியாக மட்டும்தான் பார்த்திருந்தேன். நீ 'அடைக்கல மாதா' என்கிற மீன்பிடிப் படகுக்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் வல்லத்துக்கு, சொந்தக்காரரான சவரிமுத்து மாமாவின் மகன். திருவிழாவுக்கு முன்னால் வல்லத்துக்குப் பெயிண்ட் அடிக்கிற வழக்கப்படி பச்சை வாங்க வந்தவன், கடை ஸ்டூலில் உட்கார்ந்தாய். முப்பது வருடம் எழுந்திருக்கவில்லை. மாப்ள, மச்சான் என்று நாமாகவே முறை வைத்துக்கொண்டோம். அந்தக் கணக்கில் உனக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஸ்டெல்லா எனக்குத் தங்கச்சி.

உன் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு, இனிமேல் கடலுக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் மாமாவும் போய்ச் சேர்ந்திருந்தார். வல்லமும் உளுத்துப்போய், பலகை பலகையாகப் பிரித்தாயிற்று. அப்போதுதான் உன் மச்சினன் குவைத்தில் இருந்து ஒரு பிளாஸ்டிக் ஜீப் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளங்கை அளவு ஜீப், நூறு துண்டாக டப்பாவுக்குள் கிடந்தது. ஒட்டி முடித்துவிட்டு நேராக என் கடைக்கு வந்தாய்.

"மச்சான், துருப் பெயிண்ட் இருக்கா?"

"துருப்பிடிக்காம இருக்கிறதுக்கா? ரெட் ஆக்சைடு இருக்கு. கால் லிட்டரா, அரை லிட்டரா?"

"அது இல்ல. துருப்பிடிச்ச மாதிரி தெரியணும்."

உப்புக்காற்றில் கதவுக் கொண்டிகூடக் கரைந்துபோகிற ஊர் இது. துருவை மறைத்துச் சோறு தின்கிறவன் நான். என்னிடம் வந்து துரு கேட்டாய். "ஏலே, துருதானே வேணும்? அந்தா வாசல்ல போய் நில்லு. ரெண்டு மாசத்துல உனக்கே புடிச்சிரும்" என்றேன். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நீ எப்போதும் சிரித்துவிடுவாய், அதுதான் எனக்கு வினையாகப் போயிற்று.

ஜீப்புக்கு அப்புறம் வல்லம். அடைக்கல மாதாவை இருபதில் ஒரு பங்காகச் சுருக்கி, ஒன்றரை அடி நீளத்தில், அதே வல்லத்தின் பிரித்த பலகையில் செதுக்கினாய். எட்டு மாத வேலை. செதுக்கியது இரண்டு மாதம்தான். மிச்சம் ஆறு மாதமும் பெயிண்ட். பெயிண்ட் அடித்தாய் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அடித்த பெயிண்டைக் கெடுத்துக்கொண்டிருந்தாய். அப்படித்தான் எனக்குப் பட்டது.

அந்த ஆறு மாதத்தில் எனக்கு வாட்ஸ்அப்பில் பதினொரு குரல் செய்தி அனுப்பியிருந்தாய். ஒவ்வொன்றும் நாலு நிமிடம், ஐந்து நிமிடம். நான் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு வியாபாரத்தைப் பார்த்தேன். ஏகலைவன் கதையில் வருகிற கட்டைவிரலுக்காவது ஒரு மரியாதை இருந்தது.

அந்த வருடம்தான் மலரில் என் கட்டுரை வந்தது. விளம்பரம் கொடுக்கிற ஆள் என்பதால் என் எழுத்தையும் வருடா வருடம் போட்டுத் தொலைக்கிறார்கள். 'அழுக்கு வாங்கலையோ அழுக்கு' என்று தலைப்பு. பேர் போடவில்லை, பாம்பனில் யாருக்குப் பேர் வேண்டும்? 'எங்கள் ஊரில் ஒரு மேதை இருக்கிறார். புது வேட்டியைக் கொடுத்தால் பத்தே நிமிடத்தில் கறை போட்டுக் கிழித்து, இப்பத்தான் உசிரு வந்திருக்கு என்பார். கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்ய அவரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். எழுபது வயதாக்கி மேடையேற்றிவிடுவார்.' இதுவரைக்கும்கூடப் போகட்டும். கடைசி வரியில் இப்படி முடித்திருந்தேன்: 'கடலுக்கே போகாமல் வல்லத்தில் உப்புப் படிய வைக்கிற ஒரே மீனவர் இவர்தான்.'

அந்த வரியை எழுதியபோது நானே என் தொடையைத் தட்டிக்கொண்டேன் மாப்ள. அவ்வளவு நல்ல வரி என்று நினைத்தேன். நீ கடலுக்குப் போகாததற்குக் காரணம் உன் நெஞ்சுக்குள் இருக்கிற கம்பி என்பது எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியில் உனக்குக் கஞ்சி ஊற்றியதே நான்தானே?

டீக்கடையில் நானே எழுந்து நின்று சத்தமாக வாசித்தேன். நீயும் அங்கேதான் இருந்தாய். எல்லோரும் சிரித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, "எழுத்துக்காரன், எழுதட்டும்ப்பா. எல்லாருக்கும் ஒரு டீ போடு" என்றாய். மறுநாள் முதல் உனக்குப் பேர் 'அழுக்கு மிக்கேலு'. மீன் ஏலம் போடுகிற இடத்தில் உன்னைக் கண்டால், "அழுக்கு வாராருய்யா, வேட்டிய மடிச்சுக் கட்டுங்க" என்று கத்துவார்கள். இரண்டொரு தடவை நானே கத்தியிருக்கிறேன்.

மலர் வந்து பத்து நாள் இருக்கும். கடைக்கு வந்தாய்.

"மச்சான், நீலம் ஒண்ணு குடு. சின்ன டப்பா போதும். பளபளன்னு இருக்கணும்."

"அப்படி வாடா வழிக்கு!"

என்னத்துக்கு என்று நான் கேட்கவில்லை. டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டு, வழக்கமாக எல்லோருக்கும் ஓதுகிற வேதத்தை உனக்கும் ஓதினேன். "எமரி பேப்பர் போட்டு நல்லாத் தேய்ச்சுக்க. எண்ணெப் பசை, மெழுகு, தூசி ஒண்ணும் இருக்கக்கூடாது. இருந்தா பெயிண்ட் புடிக்காது."

"மெழுகு இருந்தா என்னாகும்?"

"நகத்தாலயே தோல உரிச்ச மாதிரி உரிச்சிரலாம்."

தலையை ஆட்டிக்கொண்டு போனாய்.

அடுத்த வாரம் பழைய பேப்பரில் சுற்றி வல்லத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாய். முழுக்க நீலம். கண்ணாடி மாதிரி முகம் தெரிந்தது. "இந்தா மச்சான், அழுக்கு போயிருச்சு. உன் வீட்டுல வச்சுக்க" என்றாய். எனக்கு ஒரே பெருமை. ஒருத்தனைத் திருத்திவிட்டோம் என்கிற பெருமை. பிரிட்ஜுக்கு மேலே துணி விரித்து வைத்தேன். நீ போன பிறகு என் வீட்டுக்காரி பாண்டியம்மாள்தான் கேட்டாள்.

"ஏங்க, அண்ணன் மூஞ்சியே சரியில்லையே?"

"வேலை முடிஞ்ச அசதி."

"நான் அங்கன போயிருக்கையில அந்த வல்லத்தப் பாத்தேனே. இப்பத்தான் கரையேறுன மாதிரி இருந்துச்சு. இது என்னடான்னா பொண்ணு பாக்கப் போற மாப்பிள்ள மாதிரி நிக்குது."

அவளுக்குத் தெரிந்தது. முப்பது வருடம் பெயிண்ட் விற்றவனுக்குத் தெரியவில்லை.

ஒரு வருடம் கழித்து, தூசி தட்டும்போது, வல்லத்தின் முன்பக்கத்தில் நகமளவு நீலம் பெயர்ந்து விழுந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். உனக்குப் போனைப் போட்டேன்.

"ஏலே, பெயிண்டுக்கடைக்காரன் மாப்ளன்னு வெளிய சொல்லிராத. மானம் போயிரும். எமரி போட்டியா இல்லையா? உரிஞ்சு வருது."

நீ உடனே, "உரிஞ்சிருச்சா? உள்ள என்ன தெரியுது மச்சான்?" என்றாய்.

"என்னத்தத் தெரியுது, பழைய அழுக்குதான். சின்னப் பள்ளம் ஒண்ணு வேற கெடந்துச்சு. பட்டி வச்சு அடைச்சு, தேய்ச்சு, டச்சப் பண்ணிட்டேன். இப்பப் பாத்தா உனக்கே தெரியாது."

"பண்ணிட்டியா? சரி மச்சான்."

அவ்வளவுதான் சொன்னாய். அந்தச் 'சரி மச்சான்' இப்போதும் என் காதுக்குள் கிடக்கிறது. அதற்குப் பிறகும் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பிரிட்ஜ் மேலே ஒரு பார்வை பார்ப்பாய். தண்ணீர் வேண்டுமோ என்று நினைத்துப் பாட்டிலை எடுத்துக் கொடுப்பேன். அதையும் வாங்கிக் குடித்துவிட்டுப் போவாய்.

போன வருடம், திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கையில், காலையில் காப்பி டம்ளரைக் கீழே வைத்தவன் திரும்ப எடுக்கவில்லை. நான் ஓடி வந்தபோது டம்ளரில் பாதிக் காப்பி இருந்தது.

இந்த வருடம், உன் வருசப் பூசைக்கு ஒரு மாதம் முன்னால் ஸ்டெல்லா கடைக்கு வந்தாள். "அண்ணே, அந்த வல்லத்த ஒருநா மட்டும் குடுங்க. பூசை அன்னைக்கு வீட்டுல அவரு படத்துக்கு முன்னாடி வைக்கணும்" என்றாள். "உன் வீட்டுப் பொருள், கேக்கணுமாத்தா?" என்றேன். படியிறங்கினவள் திரும்பி நின்று சொன்னாள்: "ஆறு மாசமும் ராப்பகலா அத வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாருண்ணே. ஒரு நேரச் சாப்பாட்ட விட்டதில்ல. நீலம் அடிச்ச அன்னைக்கு மட்டும் சாப்பிடல."

அவள் போய்விட்டாள். கடை ரேக்கில் நீல டப்பாக்கள் வரிசையாக இருந்தன. அந்தப் பக்கம் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

சரி, கெடுத்தது நாம், நாமே சரிசெய்துவிடுவோம் என்று முடிவு கட்டினேன். நீலத்துக்கு மேலேயே நீ போட்ட மாதிரி உப்பு, கறை, கீறல் எல்லாம் போட்டு, பழைய வல்லமாக்கி ஸ்டெல்லா கையில் கொடுத்துவிடுவது. பெயிண்டுக்கடைக்காரனுக்கு இது ஒரு வேலையா? கையில் நாலு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. அப்போதுதான் உன் பதினொரு குரல் செய்தியையும் முதல் தடவையாக ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தேன்.

"மச்சான், பிசியா இருப்ப. கேக்கும்போது கேளு" என்று ஆரம்பிக்கிறாய். போனைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றேன்.

பழகுவதற்குப் பிளாஸ்டிக் சோப்பு டப்பாக்களை எடுத்துக்கொண்டேன். நீ சொல்கிறாய்: "மொதல்ல சாம்பல் பிரைமர், மெல்லிசா. அப்புறம் கலரு. ஒரே அடியா அப்பிராத. பால் பதத்துக்குக் கரைச்சு, காய வச்சுக் காய வச்சு மூணு தடவ." இது எனக்குத் தெரியும். ஆனால் முப்பது வருடமாக, 'நல்லாத் தோய்ச்சு அடிங்கண்ணே' என்று சொல்லி டப்பா விற்ற கை கேட்குமா? முதல் தடவையே சோப்பு டப்பா மைதா மாவில் முக்கிய பஜ்ஜி மாதிரி ஆகிவிட்டது.

அடுத்தது உப்பு. அடியில் ஒரு நிறம் அடித்து, காய்ந்ததும் தண்ணீர் தொட்டு அங்கங்கே கல்லுப்பை ஒட்டவைக்க வேண்டும். அதன்மேல் இன்னொரு நிறம். அது காய்ந்த பிறகு உப்பைத் தட்டிவிட்டால், பெயிண்ட் பெயர்ந்த மாதிரி அடி நிறம் எட்டிப் பார்க்கும். "பெருசு சிறுசாப் பொறுக்கி எடுத்து வை மச்சான். பெயிண்ட் ஒரே மாதிரி பெயராது" என்கிறாய். எனக்குப் பொறுக்கப் பொறுமை ஏது? சமையலறையில் இருந்த தூள் உப்பைத் தூவிவிட்டேன். தட்டிப் பார்த்தால் டப்பா முழுக்கப் பொடிப் பொடியாகச் சிவப்புப் புள்ளி.

"என்னங்க, சோப்பு டப்பாவுக்கு அம்மை போட்டிருச்சா? வேப்பெல ஒடிச்சாரவா?" என்றாள் பாண்டியம்மாள்.

அப்புறம் அழுக்குத் தண்ணி. கறுப்பையும் காவியையும் தண்ணீராகக் கரைத்து இடுக்குகளில் ஓடவிட்டு, மேட்டில் இருப்பதை உடனே துணியால் துடைத்துவிட வேண்டும். ஓடவிட்டேன். துடைப்பதற்குள் போன் வந்தது, ஊர்க்கதை, அரை மணி நேரம். திரும்பி வந்தால் தார் டின். கடைசியாகக் காய்ந்த பிரஷ். பிரஷ்ஷில் பெயிண்டைத் தொட்டு, பேப்பரில் துடைத்துத் துடைத்து, இனி ஒன்றுமே இல்லை என்கிறபோது மேடுகளில் மட்டும் லேசாக உரச வேண்டும். பெயிண்டே இல்லாமல் பெயிண்ட் அடிக்கச் சொல்கிறாய். அது மட்டும் மூன்றாவது டப்பாவில் கொஞ்சம் வந்தது. விளிம்பெல்லாம் கை பட்டுத் தேய்ந்த மாதிரி ஒரு வெளிறல். சின்னப் பிள்ளை மாதிரி வீடு முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தேன். முதலில் உனக்குத்தான் காட்டத் தோன்றியது.

உடனே தலைக்கனம் வந்துவிட்டது. நாலாவது டப்பா முழுக்கத் துருவை அப்பினேன். பிறகுதான் ஏழாவது செய்தியைக் கேட்டேன். "துருப் போடக் கை பரபரங்கும் மச்சான். பலகைக்கு ஏது துரு? ஆணி இருக்கிற எடத்துல மட்டும்தான். அதுவும் மழத்தண்ணி எறங்குற வழியில கீழ பாத்துத்தான் ஒழுகும். பழைய பாலத்தப் பாரு, தெரியும்." பத்தாவதில் ஒன்று சொன்னாய்: "எங்க எது ஒரசுச்சுன்னு தெரியாம ஒரு கீறல்கூடப் போடக்கூடாது. சும்மா போட்டா அது எவன் வல்லமோ ஆயிரும்."

பதினொன்றாவதுதான் கடைசி. தேதியைப் பார்த்தேன். மலர் வெளியானதற்கு முந்தின நாள். "மச்சான், முடிஞ்சிருச்சு! நாளைக்குக் கடைக்குக் கொண்டு வாரேன். அதுல ஒரு எடம் இருக்கு. நீ பாத்தா சிரிப்ப. நானா சொல்ல மாட்டேன், நீயே கண்டுபிடி." அந்த நாளைக்கு நான் டீக்கடையில் நின்று வாசித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து செய்தியே இல்லை. என் கட்டைவிரல் மட்டும் கீழே நிற்கிறது.

மூன்றாவது ஞாயிறு மத்தியானம் வல்லத்தை எடுத்து மடியில் வைத்து, புதுப் பெயிண்ட் பிடிக்கட்டும் என்று வலப்பக்கம் எமரியால் லேசாக ஒரு இழு இழுத்தேன். நீலம் மொத்தமாகச் சுருண்டு வந்தது, வெயிலில் உரிகிற தோல் மாதிரி. நகத்தைக் கொடுத்தேன். இன்னும் வந்தது. நகத்துக்குள் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. மோந்து பார்த்தேன். மெழுகுதிரி வாசம்.

'நகத்தாலயே உரிச்சிரலாம்.' நான் சொன்னதுதான். வேலை முழுவதற்கும் மேலே மெழுகைத் தேய்த்துவிட்டுத்தான் நீலத்தை அடித்திருக்கிறாய்.

ஏன் மாப்ள? உன் வேலை கெட்டுவிடக்கூடாது என்றா? இல்லை, என்றைக்காவது ஒருநாள் இந்த மடையன் சுரண்டிப் பார்ப்பான் என்றா? இரண்டு வருடம் பிரிட்ஜைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் குடித்தாயே, அதற்குத்தானா?

நீளவாக்கில் உரித்துக்கொண்டே போனேன். உள்ளே அடைக்கல மாதா இருந்தது. வலை இழுக்கிற பக்கம் விளிம்பில் பெயிண்டே இல்லை, பலகை வழுவழுவென்று இருந்தது. பெயர்ந்த இடங்களில் பச்சைக்கு அடியில் மஞ்சள், மஞ்சளுக்கு அடியில் வெள்ளை, ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒவ்வொரு நிறம். எல்லாம் என் கடையில் வாங்கியது. பின்னால் என்ஜின் புகை அடித்த கறுப்பு. தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே உப்புக்கோடு. நான் கேலி பண்ணிய அதே உப்பு. மாமா காலைத் தொங்கப் போட்டு உட்காருகிற இடத்தில், எழுதியிருந்த பேரில் இரண்டு எழுத்து தேய்ந்து போயிருந்தது.

முன்பக்கம் மட்டும் உரியவில்லை. அங்கே இருந்தது நான் டச்சப் பண்ணிய நீலம். எமரி போட்டு, மெழுகென்று தெரியாமலே அதையும் தேய்த்து எடுத்து, முறையாக அடித்தது ஆயிற்றே. நன்றாகப் பிடித்திருந்தது. ஊசியை வைத்து, நான் வைத்த பட்டியைத் துகள் துகளாக நெம்பி எடுத்தேன். உள்ளே விளிம்புப் பலகையில் ஒரு வெட்டு. கோணலாக, ஓரம் சிம்பு தெறித்து.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. நீ சொன்ன இடம் அதுதான். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை மாப்ள.

இதுவரைக்கும் ஊரில் யாருக்கும் தெரியாததை இப்போது எழுதுகிறேன். நான் வந்த புதிது. கடலுக்குப் போகவேண்டும் என்று உன்னை அரித்தெடுத்து, மாமாவுக்குத் தெரியாமல் வல்லத்தில் ஏறினேன். "நங்கூரத்தப் புடிச்சுக்க, நான் சொன்னதும் வெளிய தூக்கி எறி" என்றாய். நீ சொன்னாய். நான் எறிந்தேன். மிளகாய் மூட்டை தூக்கிய கைக்கு நங்கூரத்தைத் தூக்கத் தெரியவில்லை. அது வெளியே போகாமல் விளிம்பிலேயே விழுந்து பலகையைப் பிளந்தது. கரைக்கு வருவதற்கு முன்னால் என்னை இடுப்பளவு தண்ணீரில் இறக்கி, "நீ அங்கிட்டுச் சுத்திப் போயிரு" என்றாய். மாமா பலகையைத் தடவிப் பார்த்து, "எவன்டா இத செஞ்சது?" என்று கேட்டதும், "நான்தான்ய்யா" என்றதும் தூரத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

மாமா அதை மறக்கவே இல்லை. வருடா வருடம் திருவிழாப் பெயிண்ட் அடிக்கும்போது, பிரஷ் அந்த இடத்துக்கு வந்ததும் ஆரம்பிப்பார். பெயிண்ட் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நானும் பக்கத்தில்தான் நிற்பேன். அவர் உன்னைத் திட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். "இவன் அப்படித்தான் மாமா, கூறு பத்தாது" என்று எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பெயிண்டைக் கலக்குவாய். அவர் கண்மூடுகிற வரைக்கும் நீ சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த வெட்டைத்தான் நீ செதுக்கி வைத்திருந்தாய். நான் அதைப் பட்டி வைத்து அடைத்தேன்.

நேற்று வல்லத்தை அப்படியே கொண்டுபோனேன். வலப்பக்கம் உரித்தது, இடப்பக்கம் நீலம். இடப்பக்கம் மெழுகு சரியாக ஏறவில்லை, இழுத்தால் உன் வேலையும் சேர்ந்து வருகிறது. பயந்து கையை எடுத்துவிட்டேன். என் கைவேலை என்று ஒரு பொட்டுகூட வைக்கவில்லை. பந்தி நடந்துகொண்டிருந்தது. ஸ்டெல்லா வல்லத்தைப் பார்த்து, "என்னண்ணே, பாதி இப்படி, பாதி அப்படி?" என்றாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மலர், நீலம், மெழுகு, பட்டி, கடைசியில் நங்கூரம். சம்சுதீன் பாய் பிசைந்த சோற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அந்த நங்கூரம் நீங்களாண்ணே?"

"ஆமாத்தா."

"தட்டக் கீழ வைங்க."

வைத்தேன்.

"மாமா திட்டுறத நான் வந்த நாள்லருந்து கேட்டிருக்கேன். எனக்கு மனப்பாடம். இது உங்களுக்குச் சேர வேண்டியது. வாங்கிக்கங்க."

முந்தானையைச் செருகினாள். குரலைக் கட்டையாக்கினாள். "ஏலே கூறுகெட்ட பயலே! நங்கூரத்தத் தூக்கி எறியச் சொன்னா வல்லத்து மேலயாடா எறிவ? எம்புட்டுப் பெரிய கடலு, அது உன் கண்ணுக்குத் தெரியல, எனக்கிருக்கிற ஒத்தப் பலகதான் தெரிஞ்சுச்சா? உன்னப் பெத்ததுக்கு ஒரு நண்டப் பெத்திருந்தாக்கூட அது ஓரம் பாத்து நடந்திருக்கும்டா!"

பந்தியே சிரித்தது. எனக்கும் சிரிப்புதான் முதலில் வந்தது. அப்புறம் மாமாவே எதிரில் நிற்கிற மாதிரி இருந்தது. முப்பது வருடம் தாமதமாக வந்த திட்டு, ஒரு எழுத்துக் குறையாமல் வந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் கண்ணில் தண்ணீர் வருவதைப் பார்த்துச் சிரிப்பெல்லாம் ஓய்ந்தது.

ஸ்டெல்லா வல்லத்தைத் திருப்பி, உரித்த பக்கம் வெளியே தெரிகிற மாதிரி உன் படத்துக்கு முன்னால் வைத்தாள். அந்த வெட்டில் விரலை வைத்து ஒரு தடவு தடவினாள். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. "ஒரு தடவையோட தீராதுண்ணே. மாமா வருசா வருசம் திட்டுவாரு. நீங்களும் வருசா வருசம் பெயிண்ட் அடிக்கிற நேரத்துக்கு வந்து வாங்கிக்கங்க" என்றாள். அப்புறம்தான் குழம்பு ஊற்றினாள். வல்லத்தைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னாள், மறுபக்கத்தை முடிக்கச் சொல்லி.

முடிக்கிறேன் மாப்ள. இடப்பக்கத்தை நகத்தால் இல்லை, பஞ்சை நனைத்து, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு விரல் அகலம். எத்தனை வருடம் ஆனாலும் சரி. உரிக்கிறதோடு சரி, என் பிரஷ் அதன்மேல் படாது. 'அழுக்கு மிக்கேலு' என்று இனி எவன் வாயிலாவது வந்தால், முதலில் இந்த மலரை அவன் கையில் கொடுத்து வாசிக்க வைப்பேன், எழுந்து நின்று, சத்தமாக. திருவிழாவுக்கு முன்னால், பெயிண்ட் அடிக்கிற நாளில், உன் வீட்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். இனி அந்தப் பெயிண்ட் நாளில் உனக்குத் திட்டுக் கிடையாது. அது என்னுடையது.

இப்படிக்கு,
நங்கூரத்தை வல்லத்து மேலே போட்ட உன் மச்சான்,
பெயிண்டுக்கடை கதிரேசன்